கிடங்கு, கடை, கடன்

போரில் நொறுங்கிய ஜப்பான் பத்து ஆண்டுகளில் எழுந்து நின்றதற்கு அம்மக்களின் ஒழுக்கமும் உழைப்புமே காரணம் என்று மேடைகளில் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதற்கு நேர் எதிரான இன்னொரு பேச்சும் உண்டு. அது மேடைப் பேச்சல்ல. படித்தவர்கள் தங்களுக்குள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வது. லஞ்சம் இல்லாமல் எந்த நாடும் வளர்ந்ததில்லை, அது சக்கரத்துக்கு இடும் எண்ணெய், ஜப்பானே சாட்சி என்பது அது. முதலாவது பேச்சு பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்க உதவும். இரண்டாவது, எழுதுகிறவனுக்குத் தான் ஏமாறாதவன் என்ற திருப்தியைத் தரும். இரண்டுமே ஊழல் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு காரியங்களைப் போட்டுக் குழப்புகின்றன என்பது என் எண்ணம். 1945க்குப் பிந்தைய ஜப்பானில் மூன்று காரியங்களையாவது தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கிடங்கு, கடை, கடன் என்று அவற்றுக்கு நான் பெயர் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கிடங்கு. 1945 ஆகஸ்டு 15 அன்று சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் ஒலித்தது. அதற்கு முந்திய நாளே அமைச்சரவை ஒரு ரகசிய முடிவு எடுத்திருந்தது: ராணுவக் கையிருப்புகளை உள்ளூர் நிர்வாகங்களுக்கும் தனியாருக்கும் ஒப்படைத்துவிடலாம் என்று. மக்ஆர்தர் வந்து இறங்கியது ஆகஸ்டு 30. இடைப்பட்ட இரண்டு வாரங்களில் அரிசி, துணி, எரிபொருள், உலோகம், மருந்து, இயந்திரங்கள் எல்லாம் லாரிகளில் ஏறிப் போயின. ஒருபுறம் அலுவலகங்களில் ஆவணங்கள் எரிந்தன. மறுபுறம் பொருள்கள் இடம் மாறின. ஜப்பானின் தோல்விக் காலத்தைப் பற்றி 1999-ல் பெரும் நூல் ஒன்றை எழுதிய ஜான் டவர், உள்நாட்டில் இருந்த ராணுவ, கடற்படைக் கையிருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த முதல் வேட்டையிலேயே கரைந்தது என்ற மதிப்பீட்டைத் தருகிறார். ஆகஸ்டு முடிவதற்குள் அந்த உத்தரவு ரத்து செய்யப்பட்டது. போன பொருள் திரும்பவில்லை. பிற்பாடு ஆக்கிரமிப்பு நிர்வாகம் தன் கைக்கு வந்த கையிருப்பில் ஒரு பகுதியை மக்களுக்கு வினியோகிக்கும்படி உள்துறை அமைச்சகத்திடம் கொடுத்தது. அதிலும் பெரும்பகுதி மாயமாயிற்று.

இதைச் செய்தவர்கள் பசித்தவர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ராணுவ அதிகாரிகள், அவர்களுக்கு வேண்டிய ஒப்பந்தக்காரர்கள், ஆலை முதலாளிகள், அரசியல்வாதிகள். நாட்டுக்காக உயிரைக் கொடு என்று முந்தின வாரம்வரை சொல்லிக்கொண்டிருந்த அதே வாய்கள். ஷாங்காயில் கடற்படைக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்துச் செல்வம் சேர்த்த கோடாமா யோஷியோ அந்தச் செல்வத்தில் ஒரு பகுதியை ஊருக்குக் கொண்டுவந்து, 1945 இறுதியில் ஹத்தோயாமா தொடங்கிய லிபரல் கட்சிக்குக் கொடுத்தார். போருக்குப் பிந்தைய ஜப்பானின் கட்சி அரசியலுக்கு முதல் போட்டவற்றுள் ஒன்று போர்ச் சரக்கு.

பதுக்கியவன் எதையும் உற்பத்தி செய்யவில்லை. விலை ஏறும்வரை காத்திருந்தான், அவ்வளவே. சரக்கு கிடங்கில் இருந்ததால் ஆலை ஓடவில்லை. ஆலை ஓடாததால் சரக்கின் விலை ஏறிற்று. விலை ஏறியதால் அதைக் கிடங்கிலேயே வைத்திருப்பது லாபமாயிற்று. இந்தச் சுழலில் எண்ணெய் எங்கே இருக்கிறது, சக்கரம் எங்கே இருக்கிறது? சக்கரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்ட காரியம் இது.

இரண்டாவது கடை. சரணடைந்து ஒரு வாரத்துக்குள் டோக்கியோவின் ஷிஞ்ஜுகுவில், ஓஸு என்ற ரவுடித் தலைவனின் கூட்டம் திறந்தவெளிச் சந்தை ஒன்றைத் தொடங்கியது. ஷிஞ்ஜுகுவிலிருந்து ஒளி பிறக்கிறது என்ற பொருளில் அதற்கு ஒரு விளம்பர வாசகம் கூட இருந்தது. ராணுவத்துக்குச் சாமான் செய்துகொண்டிருந்த பட்டறைக்காரர்களைப் பத்திரிகை விளம்பரம் மூலம் அழைத்தார்கள். வாள் செய்தவன் சமையல் கத்தி செய்தான். தலைக்கவசம் செய்தவன் சட்டி செய்தான். ஆயுதத்தைக் கலப்பையாக அடிப்பது பற்றிய வேதவாக்கு கடைசியில் ஒரு ரவுடியின் முதலீட்டில்தான் நிறைவேறியது.

ரேஷனில் கிடைத்தது உயிரைப் பிடித்து வைக்கப் போதவில்லை. 1945 அறுவடை முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு மோசம். ரேஷன் நாள்கணக்கில் தாமதமாயிற்று. நகரத்துப் பெண்கள் கூட்டம் பிதுங்கும் ரயில்களில் கிராமத்துக்குப் போய்க் கிமோனோவைக் கொடுத்து அரிசியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கி வந்தார்கள். மூங்கில் குருத்தை மடல் மடலாக உரிப்பதுபோல் உடைமைகளை ஒவ்வொன்றாக உரித்து விற்று வாழ்ந்த இந்த வாழ்வுக்கு அவர்கள் மொழியில் மூங்கில் குருத்து வாழ்க்கை என்றே பெயர். நாம் வாழைத்தண்டு என்றிருப்போம். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் போலீஸ் மடக்கி மூட்டையைப் பறிக்கும். கள்ளச் சந்தைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 1946-ல் 12 லட்சத்து 20 ஆயிரம் பேர். அடுத்த ஆண்டு 13 லட்சத்து 60 ஆயிரம். அதற்கடுத்த ஆண்டு 15 லட்சம். ஒரு சட்டம் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குற்றவாளிகளை உண்டாக்குமானால், அங்கே குற்றம் என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடுகிறது.

கடையை நான் புனிதப்படுத்த வரவில்லை. சந்தை ரவுடிகளின் கையில் இருந்தது. ஜப்பானியக் கும்பல்களும் தைவான், கொரிய வியாபாரிகளும் இடத்துக்காக வெட்டிக்கொண்டார்கள். போலீஸ் பங்கு வாங்கியது. விலை, சம்பளக்காரனின் கைக்கு எட்டாதது. ஆனால் கடை ஒன்றைச் செய்தது: இருந்ததை வெளியே கொண்டுவந்தது. கிடங்கு மறைத்ததில் கொஞ்சத்தையாவது அது தெருவில் வைத்தது. நம் பேச்சு வழக்கில் பதுக்கல்காரனையும் கள்ளச் சந்தைக்காரியையும் ஒரே மூச்சில் சேர்த்துத் திட்டுகிறோம். கிழங்கு மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவளும் லாரியில் அனுப்பியவனும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது, அந்தச் சொல்லை யார் உருவாக்கினார்கள் என்று கேட்க வைக்கிறது.

இந்த இடத்தில்தான் யமகுச்சி யோஷிதாதா வருகிறார். டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் பொருளாதாரக் குற்ற வழக்குகளை விசாரித்த நீதிபதி. மூட்டையோடு பிடிபட்டவர்களைத் தண்டிப்பது அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்துகொண்டே வீட்டில் கள்ளச் சந்தை அரிசியைத் தின்ன முடியாது என்று முடிவு செய்தார். ரேஷனுக்கு மேல் எதையும் தொடவில்லை. அதிலும் பெரும்பகுதியை இரண்டு குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1947 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சரிந்து விழுந்தார். சொந்த ஊரான சாகாவுக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 11 அன்று இறந்தார். வயது 33. நவம்பரில் ‘அசாஹி’ நாளிதழ் வெளியிட்ட பிறகே செய்தி நாட்டுக்குத் தெரிந்தது. அவர் எழுதியதாக வந்த குறிப்பின் சாரம் இது: உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கெட்ட சட்டம்தான், ஆனால் சட்டமாக இருக்கும்வரை அதற்குப் பணிய வேண்டும். சாக்ரடீஸின் பெயரும் அதில் வருகிறது.

அவரை ரிஷியாக்கியவர்கள் உண்டு. முட்டாள் என்றவர்களும் உண்டு. இரண்டும் அவருடைய சாவைக் கைகழுவும் வழிகள். எனக்கு அவர் ஒரு அளவுகோல். சட்டத்துக்கும் உயிருக்கும் இடையே எத்தனை கலோரி இடைவெளி இருந்தது என்பதை அவர் உடம்பு அளந்து காட்டியது. அந்த இடைவெளியில்தான் 12 லட்சம் பேர் குற்றவாளியானார்கள், ஓஸுவின் கூட்டம் பிழைத்தது, கிடங்குக்காரன் செல்வந்தனானான்.

இதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1946 ஏப்ரலில், சகாகுச்சி அன்கோவின் ‘வீழ்ச்சி பற்றி’ என்ற கட்டுரை வந்திருந்தது. தற்கொலைப் படை வீரன் இன்று கள்ளச் சந்தைக்காரன் ஆகிவிட்டான், போர் விதவை புதிய முகத்தை நினைக்கத் தொடங்கிவிட்டாள். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, மனிதன் இயல்பிலேயே விழுகிறவன், முழுமையாக விழுந்தால்தான் தன்னைக் கண்டுகொள்வான் என்பது அவர் வாதம். போர்க்கால ஒழுக்கம் ஒரு பொய் என்று அன்று சொல்லத் துணிவு வேண்டும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அன்கோ பார்த்த வீழ்ச்சி கடைத்தெருவின் வீழ்ச்சி. விழ வேண்டிய அவசியமே இல்லாத, ஏற்கெனவே மெத்தையில் இருந்தவர்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் இடமில்லை. நான் படித்த அளவில் அக்காலப் புனைகதையும் கடையைப் பார்த்த அளவுக்குக் கிடங்கைப் பார்க்கவில்லை. கடைக்கு முகமும் வாசனையும் கூச்சலும் உண்டு. கிடங்குக்கு இருப்பது காகிதம், அதையும் எரித்துவிட்டார்கள். இதற்கு இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுக்க வந்த ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கைப் பட்டியலில், எழுதக் கூடாதவற்றுள் கள்ளச் சந்தையும் பட்டினியை மிகைப்படுத்துவதும் இருந்தன. தணிக்கை 1949 வரை நடந்தது.

குரோசாவாவின் ‘தெருநாய்’ (1949) இந்த விஷயத்தில் தனித்து நிற்கிறது. துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் போலீஸ்காரன் அதை வைத்துக் கொள்ளையடிப்பவனைத் தேடிப் போகிறான். இருவரும் போரிலிருந்து திரும்பியவர்கள். திரும்பும் வழியில் இருவரின் மூட்டையும் களவு போயிருக்கிறது. ஒருவன் போலீஸானான், மற்றவன் திருடனானான். தேர்வு மனிதனுடையது என்று படம் சொல்வதாகத்தான் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் படத்தில் உறுத்துவது வேறு: இரண்டு பேரின் மூட்டையையும் திருடியவர்களைப் படம் தேடவில்லை. தேசமும் தேடவில்லை.

மூன்றாவது கடன். 1947 ஜனவரியில் புனரமைப்பு நிதி வங்கி தொடங்கப்பட்டது. நிலக்கரி, எஃகு, உரம் ஆகிய அடிப்படைத் தொழில்களுக்கு முதலில் பணம் என்பது கொள்கை. பொருளியலறிஞர் அரிசாவா ஹிரோமியின் யோசனை. நிலக்கரி எஃகுக்கு, எஃகு மீண்டும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு. இப்படி ஒன்றை ஒன்று தூக்கிவிட வேண்டும். யோசனையில் குறையில்லை. வங்கியின் பத்திரங்களை மத்திய வங்கி வாங்கிற்று, அதாவது நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் மேஜை ஒன்று இருந்தது. அந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

ஷோவா டென்கோ என்ற உரக் கம்பெனியின் தலைவர் ஹினோஹாரா, கடன் பெறுவதற்காக அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் பணம் இறைத்ததாக 1948-ல் கைதானார். நிதியமைச்சக அதிகாரி ஃபுகுதா தக்கேயோ, அமைச்சர் குருசு, துணைப் பிரதமராக இருந்த சோஷலிஸ்ட் நிஷியோ என்று கைதுகள் தொடர்ந்தன. அக்டோபரில் அஷிதா அமைச்சரவை கவிழ்ந்தது. டிசம்பரில் அஷிதாவே கைதானார். வழக்கில் 64 பேர். ஆண்டுகள் ஓடின. அஷிதாவும் நிஷியோவும் 1958-ல் விடுதலை. பெரும்புள்ளிகளில் தண்டனை பெற்றவர்கள் ஹினோஹாராவும் குருசுவும். அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. நீதிமன்றம் நிரபராதி என்றவர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் 15 லட்சம் என்ற எண்ணையும் இந்த எண்ணையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. இரண்டும் ஒரே 1948.

உரம் வந்ததா என்றால் வந்தது. நிலக்கரியும் வந்தது. எண்ணெய் என்று பேசுகிறவர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான். 1964-ல் நதானியல் லெஃப் என்ற அமெரிக்கர் இதைக் கோட்பாடாகவே எழுதினார். 1968-ல் சாமுவேல் ஹண்டிங்டன் இன்னும் துணிந்து, இறுகிப்போன நேர்மையான நிர்வாகத்தைவிட இறுகிப்போன நேர்மையற்ற நிர்வாகம் மேல் என்ற அளவுக்குப் போனார். இதற்கு மறுப்பு எழுத நாம் வெகுதூரம் போக வேண்டாம். 1964-ல் வெளிவந்த நம் கே. சந்தானம் குழுவின் அறிக்கை ‘ஸ்பீட் மணி’ என்ற வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. காரியம் விரைவாக நடக்கக் கொடுக்கும் பணமே காரியத்தைத் தாமதப்படுத்தும் காரணமாகிவிடுகிறது. பணம் வரும்வரை கோப்பு நகராது. குன்னார் மிர்தால் தம் ‘ஆசிய நாடகம்’ நூலில் இந்தக் குழுவைத்தான் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

ஜப்பானிலும் கேட்க வேண்டிய கேள்வி உரம் வந்ததா என்பதல்ல. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது. அச்சடித்த நோட்டு விலைவாசியாக வந்து சம்பளக்காரன் மேலும் தபால் சேமிப்பில் பணம் வைத்திருந்த கிழவி மேலும் விழுந்தது. மூங்கில் குருத்தில் கடைசி மடலை உரித்தவர்கள் அவர்கள்தாம். கடன் வாங்கியவனோ மதிப்பிழந்த நோட்டில் திருப்பிக் கொடுத்தான்.

அப்படியானால் மீட்சி எதனால் வந்தது? நான் மூன்றைச் சொல்வேன். மூன்றில் ஒன்றே பெருமைக்குரியது.

அந்த ஒன்று நிலச் சீர்திருத்தம். 1946 சட்டப்படி ஒவ்வொரு கிராமத்திலும் நிலக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது: குத்தகைதாரர் 5 பேர், நிலச்சுவான்தார் 3 பேர், சொந்தமாக உழுபவர் 2 பேர். எந்த வயல் யாருடையது, யார் உழுகிறார்கள் என்பது ஊரே அறிந்த விஷயம். ஊர் பார்க்க அதைத் தீர்மானித்தார்கள். சாகுபடி நிலத்தில் குத்தகை சுமார் 46 சதவீதத்திலிருந்து சுமார் 10 சதவீதமாகச் சில ஆண்டுகளில் இறங்கியது. ஏமாற்று இல்லாமல் இல்லை. காட்டு நிலம் தொடப்படவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கான மனைகள் கைமாறிய ஒரு காரியத்தில் லஞ்சத்துக்கு இவ்வளவு குறைவாக இடம் கிடைத்ததற்குக் காரணம் ஜப்பானியர் நல்லவர்கள் என்பதல்ல. தீர்மானிக்கும் மேஜையில், பாதிக்கப்பட்டவர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான். அதே திட்டத்தில் பங்கெடுத்த வுல்ஃப் லடெஜின்ஸ்கி 1952-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1960-களில் திட்டக் கமிஷனுக்காகத் தஞ்சாவூர்க் குத்தகையை ஆராய்ந்தார். இங்கே சட்டம் இருந்தது. அந்த மேஜை இல்லை. விளைவு நாம் அறிந்ததே.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்தால் என் வாதம் சுத்தமாக இருக்கும், உண்மையாக இருக்காது. நிலத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை நிர்ணயிக்கப்பட்ட விலை. பணவீக்கம் அந்த விலையைக் கரைத்துவிட்டது. குத்தகைதாரன் ஏறக்குறைய இனாமாக நிலம் பெற்றான். ஹினோஹாராக்களுக்காக அச்சடித்த நோட்டு கிழவியின் சேமிப்பைத் தின்றது. நிலச்சுவான்தாரின் நஷ்டஈட்டையும் தின்றது. நேர்மையான காரியம் நேர்மையற்ற காரியத்தின் தோளில் ஏறி ஆற்றைக் கடந்தது. இதை வைத்து ஊழலுக்கு நற்சான்றிதழ் தர முடியாது. வெள்ளம் சில வயல்களில் வண்டல் போட்டுப் போவதற்காக யாரும் வெள்ளத்தை வரவேற்பதில்லை.

இரண்டாவது, 1949 பிப்ரவரியில் வந்த டெட்ராய்ட் வங்கியாளர் ஜோசப் டாட்ஜ். வரவுசெலவைச் சமமாக்கினார், புனரமைப்பு வங்கியின் புதுக் கடனை நிறுத்தினார், டாலருக்கு 360 யென் என்று கட்டினார். மேஜையையே எடுத்துவிட்டதால் அதைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்தது. அதே கையோடு ரயில்வேயில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வேலை இழந்தார்கள். ஊழலை ஒழித்த கணக்கும் மறுபடி அதே வீடுகளுக்குத்தான் அனுப்பப்பட்டது.

மூன்றாவது, கொரியா. 1950 ஜூன் 25 அன்று அங்கே போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லாரி, துணி, பழுதுபார்ப்பு எல்லாம் ஜப்பானிலிருந்து. அந்த மாதத்தில்தான் டொயோட்டா, திவாலின் விளிம்பில், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, தன் தலைவரை இழந்திருந்தது. ராணுவ லாரி ஆர்டர் அதைக் காப்பாற்றியது. தெய்வம் அனுப்பிய உதவி என்று மேலிடத்தில் மகிழ்ந்தார்கள். 1910 முதல் 1945 வரை தாங்கள் காலனியாக வைத்திருந்த ஒரு நாடு எரிவதைத் தெய்வ உதவி என்று சொல்வதை எந்தச் சட்டப் புத்தகமும் ஊழல் என்று சொல்லாது. சொல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன்.

1954-ல் கப்பல் கட்டும் தொழிலுக்கான வட்டி மானியத்தில் லஞ்ச வழக்கு வந்தது. ஆளுங்கட்சிச் செயலாளர் சாத்தோ எய்சாக்குவைக் கைது செய்ய வழக்குத் தொடுப்போர் அனுமதி கேட்டபோது, நீதி அமைச்சர் இனுகாய் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்துவிட்டு ராஜினாமா செய்தார். பிறகு சாத்தோ மீது தொடுக்கப்பட்ட அரசியல் நிதி வழக்கும் 1956-ல் பொது மன்னிப்பில் முடிந்தது. அதே 1956-ல் ஜப்பான் உலகிலேயே அதிகமாகக் கப்பல் கட்டும் நாடாயிற்று. அரசின் பொருளாதார வெள்ளை அறிக்கை, போருக்குப் பிந்தைய காலம் முடிந்துவிட்டது என்ற பொருளில் அறிவித்தது. சாத்தோ 1964-ல் பிரதமர், 1974-ல் அமைதிக்கான நோபல் பரிசு. 1948-ல் கைதாகி விடுதலை பெற்ற ஃபுகுதா 1976-ல் பிரதமர். அதே 1948-ல் சுரங்க முதலாளிகள் வழக்கில் கைதாகி, மேல்முறையீட்டில் விடுதலை பெற்ற தனாக்கா ககுவேய் 1972-ல் பிரதமர்.

காலம் அப்படி முடியவில்லை. 1947-ல் பதுக்கல் சரக்கைத் தேட டோக்கியோ வழக்குத் தொடுப்போர் அலுவலகத்தில் ஒரு பிரிவு அமைத்தார்கள். 1949-ல் அதுவே ஊழல்களைத் துருவும் சிறப்புப் புலனாய்வுப் பிரிவாயிற்று. 1976 ஜூலையில் லாக்ஹீட் விமான லஞ்சத்துக்காகத் தனாக்காவைக் கைது செய்தது அந்தப் பிரிவுதான். லாக்ஹீடின் ரகசியத் தரகர் யார் என்றால் கோடாமா யோஷியோ. கிடங்கைத் தேடப் புறப்பட்டவர்கள் அந்தக் காலத்து ஆள் ஒருவரிடம் வந்து சேர 29 ஆண்டுகள் ஆயின.

ஷோவா டென்கோவின் கதையும் உரத்தோடு நிற்கவில்லை. அதன் கனோசே ஆலை அகானோ ஆற்றில் விட்ட பாதரசத்தால் நீகாத்தாவில் மினமாட்டா நோய் பரவியது 1965-ல் வெளிப்பட்டது. 1971-ல் நீதிமன்றம் கம்பெனியின் பொறுப்பை உறுதி செய்தது. மேஜையைச் சுற்றி நிற்க இடம் கிடைத்தவர்கள், ஆற்றங்கரையில் இருப்பவர்களை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை எங்கே கற்றிருப்பார்கள்?

போர் முடிந்த எந்த நாட்டைப் பற்றியும் இன்று பேச்சு வரும்போது, அங்கே ஊழல் அதிகமா குறைவா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை. சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறது, ரயில் நிலையத்தில் யாருடைய மூட்டை பிடிபடுகிறது, கடன் கொடுக்கும் மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். யமகுச்சி யோஷிதாதா தம் எதிரே நின்றவர்களிடம் கேட்க முடிந்தது இரண்டாவது கேள்வியை மட்டுமே. மற்ற இரண்டையும் கேட்கச் சட்டம் அவருக்கு வழக்கு அனுப்பவில்லை.